டிக்கியை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்: காரில் முதல் சப்-ஊஃபர்

காருக்கு முதல் தடவையாக சப்-ஊஃபர், அதாவது தாழ்ந்த ஒலியை மட்டும் தரும் பெரிய ஸ்பீக்கர், போடப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வாங்குகிறார்கள். அட்டைப் பெட்டியில் "1800 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரை (ஸ்பீக்கருக்கு மின்சக்தியைக் கூட்டிக் கொடுக்கும் கருவி, சுருக்கமாக ஆம்ப்) முதலில் எடுப்பார்கள். அதற்கு ஜோடியாகத் தோன்றும் சப்-ஊஃபர் அடுத்தது. கையில் மிஞ்சும் சில்லறைக்கு ஒயர். கடைசியில்தான் பெட்டி டிக்கிக்குள் நுழைகிறதா என்று பார்ப்பது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் பெட்டி நுழைந்தது. ஆனால் ஸ்டெப்னியை எடுக்க வேண்டுமென்றால் பெட்டியைக் கழற்றி ரோட்டோரம் இறக்கி வைக்க வேண்டும். மழை பெய்த ஒரு இரவில் டயர் பஞ்சரானபோது இந்தப் பாடத்தை நனைந்துகொண்டே படித்தேன்.

வாங்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் இடம், பிறகு சப்-ஊஃபர், பிறகு ஆம்ப், பிறகு ஒயர். முன்னது பின்னதைத் தீர்மானிக்கும். கூடவே, மொத்தப் பணத்தில் ஆறில் ஒரு பங்கையாவது ஒயருக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதில் கை வைக்கச் சொல்லிக் கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் கொடுக்காதீர்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: சிறிய ஹேட்ச்பேக் கார், 10 அங்குல சப்-ஊஃபர் ஒன்று, அதற்கு ஒரு ஆம்ப். முதல் முயற்சிக்கு இது போதும். 12 அங்குலம் இரண்டு வேண்டும் என்கிறவர்கள் இதே கணக்கைப் பெரிதாக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

டேப்போடு டிக்கிக்குள்

சப்-ஊஃபரைவிட அதன் பெட்டிதான் இடத்தைத் தின்னும். ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்துவிட்டால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்பதை சப்-ஊஃபர் தயாரிப்பாளரே கையேட்டில் கொடுத்திருப்பார். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் 1960களிலும் 70களிலும் வகுத்த கணக்குகளிலிருந்து வரும் எண் அது. ஆகவே "எந்தப் பெட்டியானாலும் ஓடும் சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடும், ஆனால் நன்றாக ஓடாது.

மூடிய பெட்டியில் 10 அங்குல சப்-ஊஃபருக்குப் பொதுவாக 18 முதல் 28 லிட்டர் போதும். துளைக்குழாய் வைத்த பெட்டிக்கு அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்படும். 12 அங்குலத்தைத் துளைப் பெட்டியில் போட்டால் 50 லிட்டரைத் தாண்டிவிடும். ஹேட்ச்பேக் டிக்கியில் அதன் பிறகு ஒரு பயணப் பெட்டிகூட நுழையாது.

லிட்டர் கணக்கு எளிது. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில், வெளி அளவு 45 செ.மீ. நீளம், 32 உயரம், 26 ஆழம் என்று பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அளவிலும் இருபுறப் பலகைக்காக 3.6 செ.மீ. கழியுங்கள்: 41.4, 28.4, 22.4. மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 26 லிட்டர். சப்-ஊஃபரின் உடம்பு உள்ளே அடைக்கும் இடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் கழித்தால் 24 மிஞ்சும். நமக்கு அளவாக இருக்கிறது.

முதல் பெட்டி மூடியதாகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. துளைப் பெட்டி அதே வாட்டில் கூடுதல் சத்தம் தரும் என்பது உண்மை. ஆனால் அது எந்த ஒலிக்கு அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே போனால் கூம்புக்குப் பின்னால் பிடிமானமே இருக்காது. கூம்பு கண்டபடி ஆடி, அதை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் அடிபடும். மூடிய பெட்டியில் செய்யும் சிறு தவறுகள் மன்னிக்கப்படும். போதாக்குறைக்குச் சிறிய காரின் அடைத்த அறையே தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுவது எனக்கு மூடிய பெட்டியில்தான் பிடிக்கிறது.

சி.என்.ஜி. சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்திருக்கும் கார் என்றால் பெட்டி யோசனையையே விட்டுவிடுங்கள். முன் இருக்கைக்கு அடியில் வைக்கும், ஆம்ப்பும் சேர்ந்தே வரும் தட்டையான சப்-ஊஃபர் உங்களுக்கு. அதிர வைக்காது, ஆனால் பாட்டில் விட்டுப்போனதை நிரப்பிக் கொடுக்கும். அதற்கும் கீழே சொல்லப்போகும் ஒயர் விதிகள் எல்லாம் பொருந்தும்.

எந்த வாட்?

இரண்டு வகை வாட் இருக்கிறது. உச்ச வாட் என்பது ஒரு நொடியின் துளியில் தொட்டுவிட்டு வரக்கூடியது, அல்லது தொடும் என்று விளம்பரத்தில் சொல்லப்படுவது. ஆர்.எம்.எஸ். வாட் என்பது தொடர்ந்து கொடுக்கக்கூடியது, தொடர்ந்து தாங்கக்கூடியது. பெட்டிமேல் பெரிதாக இருப்பது முன்னது. கையேட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பது பின்னது. பொருத்தம் பார்க்க வேண்டியது பொடி எழுத்தை மட்டும்.

விளம்பர எண் எப்படிப் பிறக்கிறது என்பதை டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவை வைத்தே பார்த்துவிடலாம். அதன் மேல் "50 வாட் × 4" என்று எழுதியிருக்கும். கார் ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்: 14.4 × 14.4 ÷ 4 = 51.8. பொய் இல்லை! ஆனால் ஒலி அலை மேலேயும் கீழேயும் முட்டிக்கொண்டு சதுரமாகவே நின்றால்தான் அந்த 50 வரும். அப்போது கேட்பது இசை அல்ல, இரைச்சல். சுத்தமான அலைக்கு இதில் சரிபாதி, அதாவது 26 வாட்தான் கணக்குப்படியே கூடும். உள்ளே ஏற்படும் இழப்புகள் போகக் கைக்கு வருவது 20-ஐ ஒட்டி. தனி ஆம்ப் தேவைப்படுவதன் காரணமும் இதுதான். ஆம்ப்புக்குள் 12 வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் தனி மின்சுற்று இருக்கிறது. ஸ்டீரியோவுக்குள் அது கிடையாது.

அமெரிக்காவில் 2003-இல் வந்த சி.இ.ஏ.-2006 என்ற தரமுறை, ஆம்ப்பின் வாட்டை 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் அளக்கச் சொல்கிறது. இப்போது சி.டி.ஏ.-2006 என்று பெயர். இந்த எழுத்துகள் கையேட்டில் இருந்தால் அந்த வாட்டை நம்பலாம். இல்லாவிட்டால் ஆம்ப்பின் பக்கவாட்டில் சொருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று மட்டும் இருக்கும் ஆம்ப், 13.8 வோல்ட்டில் பேட்டரியிலிருந்து 414 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்க முடியாது. இழுப்பதைவிட அதிகமாக அது எங்கிருந்து கொடுக்கும்? "1800 வாட்" ஆம்ப்பின் வேஷம் இந்த ஒரே பெருக்கலில் கலைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். 300-க்கும் 400-க்கும் இடையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓம் கணக்கு

எங்கள் உதாரண சப்-ஊஃபர் 300 வாட் ஆர்.எம்.எஸ். தாங்கும். இனி அதன் காயிலைப் பார்க்க வேண்டும். காயில் ஒன்றா இரண்டா? இரட்டைக் காயில் என்றால் 2+2 ஓமா, 4+4 ஓமா? ஆம்ப்பைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இது.

ஓம் குறையக் குறைய ஆம்ப் மேல் சுமை கூடும். ஒரு தொட்டியில் ஒரு குழாயைத் திறப்பதற்கும் பக்கத்திலேயே இன்னொன்றையும் சேர்த்துத் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டு காயில்களையும் வரிசையாக இணைத்தால், அதாவது ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் என்று கோத்தால், ஓம்கள் கூடும்: 4+4 காயில் 8 ஓம் ஆகும். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணையாகச் சேர்த்தால் பாதியாகும்: 2 ஓம். அதேபோல 2+2 காயில் வரிசையில் 4 ஓம், இணையில் 1 ஓம்.

ஒவ்வொரு ஆம்ப்புக்கும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு எல்லை உண்டு. 2 ஓம் வரைதான் தாங்கும் ஆம்ப்பில் 1 ஓம் மாட்டினால் முதலில் சூடாகும், பிறகு பாதுகாப்பு விளக்கு சிவப்பாக எரியும், அதையும் பொருட்படுத்தாவிட்டால் ஒருநாள் புகையும். இரட்டைக் காயில் 2+2 சப்-ஊஃபர்கள் இரண்டை வாங்கி எல்லாவற்றையும் இணையில் போட்டால் அரை ஓம் வந்து நிற்கும். புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் விழும் குழி இது. அதனால் முதல் தேர்வாக 4+4 காயிலைச் சொல்வேன். இணையில் கிடைக்கும் 2 ஓம், அநேகமாக எல்லா மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்புகளும் தாராளமாகத் தாங்கும் சுமை.

மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்தால் 4 ஓம் காயில் 3.3, 3.5 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். மீட்டர் காட்டுவது நேர் மின்சாரத்துக்கான தடை. பெயர்ப்பலகையில் இருப்பது மாறும் மின்சாரத்துக்கானது, அது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் அளவைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

காயில்களை இணைக்கும்போது ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒரு காயில் கூம்பை முன்னே தள்ளும், இன்னொன்று பின்னே இழுக்கும். கூம்பு அசையாது, சத்தம் வராது, காயில் மட்டும் வேகும். இதைத் தவிர்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லை எடுத்து, ஒவ்வொரு காயிலிலும் பிளஸ்ஸுக்குப் பிளஸ் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் சரி. இரண்டு காயிலிலும் ஒரே பக்கம் அசைய வேண்டும்.

ஆம்ப்

இப்போது கடையில் கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: "2 ஓமில் 300 முதல் 375 வாட் ஆர்.எம்.எஸ். தரும், கிளாஸ் டி, மோனோ ஆம்ப்." சப்-ஊஃபர் தாங்கும் வாட்டுக்குச் சமமாகவோ கால் பங்கு கூடுதலாகவோ ஆம்ப் இருக்கலாம். கூடுதலாக இருந்தால் ஸ்பீக்கர் எரிந்துவிடாதா என்று கேட்பார்கள். எரிவது பெரும்பாலும் சின்ன ஆம்ப்பைக் கழுத்தைப் பிடித்துத் திருகும்போதுதான். தன் சக்தி தீர்ந்த பிறகும் வால்யூமை ஏற்றினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகும். சதுர அலை அதே உயரத்தில் இரண்டு மடங்கு வாட்டைத் தள்ளும். 100 வாட் ஆம்ப்பிலிருந்து 200 வாட் வந்து 120 வாட் காயிலில் ஏறும். கருகிய வார்னிஷ் வாசம் காருக்குள் பரவிய பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

கிளாஸ் டி ஏன்? பழைய கிளாஸ் ஏபி ஆம்ப் பேட்டரியிலிருந்து இழுப்பதில் ஏறக்குறைய பாதியைச் சூடாக்கித் தொலைக்கும். கிளாஸ் டி ஐந்தில் நான்கு பங்கை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். மே மாதத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் அந்தச் சூடு சின்ன விஷயம் இல்லை.

கதவு ஸ்பீக்கர்களையும் மாற்றும் எண்ணம் இருந்தால் மோனோவுக்குப் பதில் நான்கு சேனல் ஆம்ப் ஒன்றே போதும். இரண்டு சேனல் முன்கதவுகளுக்கு. மிச்ச இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து, சப்-ஊஃபருக்கு. ஆனால் பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் பார்க்கும் ஓம் பாதியாகிவிடும். அதனால் அந்த வகை ஆம்ப்பில் 4 ஓமுக்குக் குறைந்த சப்-ஊஃபரை மாட்டக்கூடாது. இதற்கு 2+2 காயிலை வரிசையில் போட்டு 4 ஓம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஒயர்: இங்கேதான் கைவைப்பார்கள்

எங்கள் ஆம்ப் 350 வாட் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத் திறனில் அது இழுப்பது 437 வாட். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 32 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கி வரை வளைந்து நெளிந்து போக சுமார் 5 மீட்டர். 8 கேஜ் செம்பு ஒயரில் மீட்டருக்கு 2 மில்லி ஓம் தடை. 5 மீட்டரில் 32 ஆம்பியர் ஓடினால் 0.33 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 கேஜில் 0.13 வோல்ட்தான். கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்த அளவுக்கு நல்ல 8 கேஜ் செம்பு போதும். நாளைக்குப் பெரிய ஆம்ப் வாங்கும் ஆசை இருந்தால் இப்போதே 4.

சிக்கல் "நல்ல" என்ற சொல்லில் இருக்கிறது. ஒயர் செட்டுகளில் பல, செம்பு பூசிய அலுமினியம். ஏறக்குறைய செம்பின் மூன்றில் இரண்டு பங்கு கடத்தும் திறன்தான் அதற்கு. 8 கேஜுக்குப் பதில் 4 என்று தடித்ததாக எடுத்தால் ஈடுகட்டிவிடலாம், அது குற்றமில்லை. குற்றம், அதைச் செம்பு என்று விற்பதும், தடித்த ரப்பர் உறைக்குள் மெல்லிய இழைகளைத் திணித்து "4 கேஜ்" என்று அச்சிடுவதும்தான். வெட்டுமுனையில் ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். செம்பென்றால் அடி வரை சிவப்புதான். கையில் தூக்கினாலும் எடை சொல்லிவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நேர்வழி எலக்ட்ரிக்கல் கடைதான். வீட்டு மெயினுக்குப் போடும் 10 சதுர மில்லிமீட்டர், பல இழைச் செம்பு ஒயர், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு மீட்டர் கணக்கில் கிடைக்கும். 8 கேஜ் என்பது 8.4 சதுர மில்லிமீட்டர். ஆக இது அதைவிடத் தடிமன். எஞ்சின் பக்கம் வரும் பகுதிக்கு மட்டும் வரிவரியான பிளாஸ்டிக் குழாய் உறை போட்டுவிட வேண்டும். சூட்டுக்கு மட்டும் இல்லை, எலிக்கும் சேர்த்துத்தான். தெருவில் நிறுத்தும் காரில் எலி எதையெல்லாம் கடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஃப்யூஸ் எங்கே? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு முழத்துக்குள், அதாவது 45 செ.மீ.க்குள். ஆம்ப்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்பைக் காக்கும். பேட்டரி பக்கத்து ஃப்யூஸ் காப்பது இடையில் ஓடும் 5 மீட்டர் ஒயரை. வழியில் எங்காவது தகரம் உரசி உறை கிழிந்தால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஒயரில் பாயும். அது சிவந்து கார்ப்பெட்டைப் பற்றவைக்க நேரம் ஆகாது. எங்கள் கணக்குக்கு 40 ஆம்பியர் ஃப்யூஸ். அடிக்கடி எரிந்துபோகிறதென்று 80 போடாதீர்கள். ஒயர் தாங்காத ஃப்யூஸ் இருந்தும் பயனில்லை.

வேலை நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குங்கள். 10 எண் ஸ்பேனரால் பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள். ஃப்யூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது கடைசியில்தான் ஹோல்டருக்குள் போகும்.

எஞ்சினுக்கும் உள் அறைக்கும் நடுவில் இருக்கும் தகரத்தில் ஏற்கெனவே ஒயர்கள் புகும் ரப்பர் வளையம் இருக்கும். அதன் ஓரத்தைக் கீறி, துணி மாட்டும் கம்பியை நிமிர்த்தி நுழைத்து, ஒயரை அதில் கட்டி இழுங்கள். புதிதாகத் துளை போட்டால் ரப்பர் வளையம் கட்டாயம். வெட்டிய தகரத்தின் விளிம்பு கத்திதான். உள்ளே வந்த பிறகு கதவோரப் பிளாஸ்டிக் படிகளைக் கையால் தூக்கினால் கிளிப் விட்டு வரும். அதற்கடியில் ஒயரைப் பின்னால் கொண்டு போங்கள். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது ஏர்பேக். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பெட்ரோல் டாங்க் பின்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. அங்கே ட்ரில்லைக் கொண்டு போகவே கூடாது. ஆம்ப்பை ஒரு பிளைவுட் பலகையில் திருகி, பலகையைப் பின்னிருக்கையின் முதுகில் பொருத்துவது நல்லது. சப்-ஊஃபர் பெட்டிமேல் திருகினால் அதிர்வில் ஆம்ப்பின் உள் இணைப்புகள் ஆட்டம் காணும்; கார்ப்பெட்டுக்கு அடியில் வைத்தால் மூச்சு முட்டும்.

பவர் ஒயர் ஒரு பக்கக் கதவோரம் போனால், பாட்டுக்கான ஆர்.சி.ஏ. ஒயர் மறுபக்கக் கதவோரம் போகட்டும். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. துளை இருக்காது. அப்போது ஸ்பீக்கர் ஒயரையே நேராக வாங்கிக்கொள்ளும் "ஹை லெவல் இன்புட்" உள்ள ஆம்ப்பை வாங்குங்கள். அவற்றில் பல, பாட்டு வந்ததும் தானாக எழுந்துகொள்ளும். வெளியில் வாங்கிய ஸ்டீரியோ என்றால் நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட ஒயர்தான் ஆம்ப்பை எழுப்பும் ரிமோட் ஒயர். அதை ஆம்ப்பின் ரிமோட் முனைக்கு மெல்லிய ஒயரில் கொண்டு வாருங்கள். எதுவானாலும் காரின் மூல ஒயரை வெட்டாதீர்கள். அந்த மாடலுக்கான கப்ளர் விற்கிறார்கள். வாரண்டி பேச்சு வரும்போது அந்தச் சின்னச் செலவின் அருமை தெரியும்.

எர்த்

இதற்குத் தனித் தலைப்பு ஏன் என்று என் முதல் காரைக் கேட்டால் தெரியும். நான் ஒயர் போடக் கொடுத்த இடத்தில் ஆம்ப்பின் எர்த் ஒயரை (அதன் மைனஸைக் காரின் உடம்போடு சேர்ப்பது) பெயிண்ட் அடித்த தகரத்தின் மேலேயே ஒரு திருகாணியில் முடுக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வரை ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கொசு ரீங்காரம். கொஞ்சம் சத்தமாக வைத்தால் தாளம் விழும் இடத்தில் ஆம்ப் அணைந்து அணைந்து எரியும். மூன்று வாரம் ஆர்.சி.ஏ. ஒயரைச் சந்தேகப்பட்டு, இரண்டை மாற்றியும் பார்த்தேன்.

கண்டுபிடித்த விதம் இது. ஒரு நீள ஒயரால் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸுக்கு நீட்டினேன். மறு முனை ஆம்ப்பின் எர்த் முனையில். பாட்டைச் சத்தமாக ஓடவிட்டதும் மீட்டர் 0.9 வோல்ட் என்றது. அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். திருகாணியைக் கழற்றி, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தகரம் பளபளக்கச் செய்து, ஒயர் முனையில் நசுக்கிய செம்பு லக்கை வைத்து, நட்-போல்ட்டில் ஸ்பிரிங் வாஷரோடு முடுக்கினேன். 0.06. ரீங்காரம் அன்றோடு நின்றது.

எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். தேய்த்த இடத்தைச் சுற்றித் துரு ஏறாமல் கொஞ்சம் கிரீஸ் அல்லது பெயிண்ட் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட் கைக்கு வசதியாக இருக்கும். அதைத் தொடாதீர்கள், அது உயிரைப் பிடித்திருக்கும் போல்ட்.

கெயின்: வால்யூம் திருகு இல்லை

எல்லாம் மாட்டியாயிற்று, ஃப்யூஸ் உள்ளே, பேட்டரி மைனஸ் திரும்பப் போட்டாயிற்று. ஆம்ப்பில் "கெயின்" என்று ஒரு திருகு இருக்கும். பார்த்ததும் முழுதாகத் திருகத் தோன்றும். ஸ்டீரியோவிலிருந்து வரும் வோல்ட்டுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு அது. எங்கே நிறுத்துவது என்பதையும் மல்டிமீட்டரே சொல்லும்.

வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட், 2 ஓம்: 600-இன் வர்க்கமூலம் 24.5 வோல்ட். சப்-ஊஃபர் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். ஆம்ப்பின் பேஸ் பூஸ்ட் பூஜ்யம். கெயின் முழுதாகக் குறைத்து. எஞ்சினை ஓடவிட்டு, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் வரை ஏற்றுங்கள். 40 வரை போகும் ஸ்டீரியோவில் 30. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுக்கொண்டு, 24.5 வரும் வரை கெயினை மெல்லத் திருகுங்கள். அங்கேயே நிறுத்தி, பேனாவால் குறி வைத்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் எடுத்ததற்குக் காரணம், வீட்டு மின்சாரத்தை அளக்கப் பிறந்த மலிவு மீட்டரும் அந்த இடத்தில் சரியாகச் சொல்லும் என்பதுதான்.

பிறகு சப்-ஊஃபரை மாட்டி, லோ பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை பாஸ் (உயர்ந்த ஒலியை மட்டும் விடுவது) வசதி இருந்தால் அதுவும் 80. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பேஸ் கிட்டார் தெளிவாக ஓடும் பாட்டு ஒன்றைப் போட்டு, கூம்பு அசையும் திசையை மாற்றும் ஃபேஸ் பொத்தானை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். எதில் பேஸ் கனத்து முன்னால் வருகிறதோ அதுவே. எந்தக் கணக்கும் வேண்டாம். கெயின் குறியைத் தாண்டாதவரை அதைக் குறைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். நான் பாதிக்கும் கீழேதான் வைத்திருக்கிறேன்.

பிறகு வரும் தொந்தரவுகள்

தாளத்துக்குத் தாளம் ஹெட்லைட் மங்கினால் உடனே கெப்பாசிட்டர் விற்க வருவார்கள். முதலில் பேட்டரியின் வயதைப் பாருங்கள், அதன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடையுங்கள், எர்த்தை அளந்து பாருங்கள். 350 வாட்டுக்கு இந்த மூன்றையும் மீறிக் குறை இருக்க வாய்ப்பு குறைவு.

எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பது தனிக் கதை. இசை ஏறி இறங்குவதால் ஆம்ப் சராசரியாக இழுப்பது உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 ஆம்பியர் என்று கொள்ளலாம். சிறிய பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. கடற்கரையில் ஒரு மணி நேரம் கேட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பேட்டரி பழசென்றால் தள்ளிவிட ஆள் தேட வேண்டியதுதான்.

சத்தம் சரியாக இருந்தும் எங்கோ தகரம் கடகடக்கிறது என்றால் சப்-ஊஃபரைக் குறை சொல்லாதீர்கள். பின்னால் போய் நம்பர் பிளேட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான். பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு துண்டு ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினால் தீர்ந்தது.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு பேட்டரி லக், ஃப்யூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் மூன்றையும் மறுபடி முடுக்குங்கள். செம்பு இழைகள் அழுந்தி இடம் விட்டிருக்கும். அரை மணி நேரம் சத்தமாக ஓடவிட்டு, கையால் தொட்டுப் பார்க்க வேண்டியது ஃப்யூஸ் ஹோல்டரை. வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரல் பொறுக்கவில்லை என்றால் எஞ்சினை அணைத்து, ஃப்யூஸைக் கழற்றி, அந்த ஒயர் முனையைப் புதிதாக வெட்டி, லக்கை மறுபடி நசுக்கி மாட்டுங்கள்.